ஒழுகிய கூரையும் ஊர்க் காசும்

1986 ஜனவரி 5. சியாட்டில் சென்டர் கொலீசியத்தில் சூப்பர்சோனிக்ஸுக்கும் ஃபீனிக்ஸ் சன்ஸுக்கும் கூடைப்பந்தாட்டம். வெளியே மழை. கூரை ஒழுகி ஆட்டத் தரையில் தண்ணீர் சொட்டியது. பையன்கள் துண்டை வைத்துக்கொண்டு துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். வீரர்கள் வழுக்கி விழுந்தார்கள். இரண்டாம் கால்பகுதியில் ஆட்டத்தை நிறுத்தவேண்டியதாகிவிட்டது. கூரைக்கு அடியில் ஆடும் ஒரு விளையாட்டு மழையால் நின்றுபோனது, என்.பி.ஏ. வரலாற்றில் அதுதான் முதல் முறை.

சியாட்டிலில் இதை ஒரு அவமானமாக யாரும் சொல்வதில்லை. நம்மூரில் வீட்டுக் கல்யாணத்தில் பந்தல் சரிந்த கதையைச் சொல்வதுபோல சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். எனக்குச் சொன்னவர் என் டீமில் இருந்த ஒரு மூத்த எஞ்சினியர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். "அதே கூரைதான். இன்னும் நிக்குது பார்."

எங்கள் அலுவலகத்திலிருந்து அந்த அரங்கத்துக்கு நடந்தே போகலாம். நகர மையத்தின் வடக்கு ஓரம், ஸ்பேஸ் நீடில் கோபுரத்துக்குப் பக்கத்தில். 1962இல் நடந்த உலகக் கண்காட்சிக்காக பால் தைரி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. நாலு பக்கமும் சரிந்து இறங்கும் கூரை, தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ பெரிய ஓலைத் தொப்பியைத் தரையில் கவிழ்த்து வைத்ததுபோல இருக்கும். 1964இல் பீட்டில்ஸ் இங்கே பாடியிருக்கிறார்கள். கொலீசியம், கீ அரினா, கிளைமேட் பிளெட்ஜ் அரினா என்று மூன்று பெயர்கள் மாறிவிட்டன. கூரைக்குக் கீழே இருந்ததை இரண்டு முறை அடியோடு பிரித்துக் கட்டிவிட்டார்கள். கூரையின் உருவம் மட்டும் மாறவில்லை.

சாஃப்ட்வேர்காரனுக்கு இதில் ஆர்வம் வராமல் இருக்காது. பழைய கோடைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதுவதா, ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே புகுந்து திருத்துவதா என்று நாங்கள் மாதம் ஒருமுறையாவது மீட்டிங் அறையில் சண்டை போடுகிறோம். ஆனால் இந்த அரங்கத்தின் கதையைத் தோண்டத் தோண்ட, கட்டுமானத்தைவிட எனக்குச் சுவாரசியமாகத் தெரிந்தது வேறொன்று. ஒவ்வொரு முறையும் யார் காசு போட்டது? கணக்கு தப்பினால் யார் தலையில் விழும் என்று எழுதி வைத்தார்கள்?

*

முதல் பெரிய புதுப்பிப்பு 1994–95இல். சூப்பர்சோனிக்ஸ் நிர்வாகம் புது அரங்கம் வேண்டும் என்றது. நகரம் இருப்பதையே திருத்தித் தருகிறேன் என்றது. கூரையின் உருவத்தை வைத்துக்கொண்டு, தரையைத் தோண்டி இறக்கி, உள்ளே புது அரங்கத்தைக் கட்டினார்கள். செலவு சுமார் 7.5 கோடி டாலர். நகரம் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணத்தைத் திரட்டியது. அரங்கத்தில் வரும் வருமானத்திலிருந்தே கடனை அடைத்துவிடலாம் என்பது திட்டம். கீ பேங்க் 1.51 கோடி டாலர் கொடுத்துத் தன் பெயரை ஒட்டிக்கொண்டது.

காகிதத்தில் அழகான திட்டம். அந்த வருமானத்தில் பெரும்பங்கு, கம்பெனிகள் வாடகைக்கு எடுக்கும் சொகுசு அறைகளிலிருந்து வரவேண்டியது. 1999இல் அதே ஊரில் புது பேஸ்பால் மைதானம் திறந்தது. 2002இல் புது கால்பந்து மைதானம். இரண்டிலும் புத்தம் புது சொகுசு அறைகள். ஊரில் இருக்கும் கம்பெனிகளோ அதே கம்பெனிகள்தான். கீ அரினாவின் அறைகள் காலியாகத் தொடங்கின. துண்டு விழுந்த இடத்தை நகரம் நிரப்பவேண்டி வந்தது. பத்தே வருடத்தில், புதுப்பித்த அரங்கம் பழசு, சின்னது, இதை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது என்று அணியின் உரிமையாளர்கள் மறுபடி கேட்க ஆரம்பித்தார்கள்.

மைதானங்களைப் பொறுத்தவரை சியாட்டிலுக்கு அதற்கு முன்பே ஒரு சூடு உண்டு. 1976இல் திறந்த கிங்டோம் என்ற பிரம்மாண்டமான கான்கிரீட் அரங்கம். 1994இல் அதன் உள்கூரை ஓடுகள் பெயர்ந்து விழுந்தன, ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு. கோடிக்கணக்கில் செலவழித்துப் பழுது பார்த்தார்கள். 2000 மார்ச் 26 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். கட்டடம் போய்விட்டது, கடன் போகவில்லை. மண்ணோடு மண்ணாகிப்போன கட்டடத்துக்கான கடைசித் தவணை கட்டி முடிக்கப்பட்டது 2015இல். இடித்துப் பதினைந்து வருடம் கழித்து.

1995 செப்டம்பரில் பேஸ்பால் மைதானத்துக்காக விற்பனை வரியை 0.1 விழுக்காடு கூட்டலாமா என்று கிங் கவுன்ட்டி மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. மிகக் குறைந்த வித்தியாசத்தில் மக்கள் வேண்டாம் என்றார்கள். அடுத்த மாதமே மாநிலச் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு, உணவக வரி, வாடகைக் கார் வரி என்று வேறு வழிகளில் பணத்தை ஏற்பாடு செய்துவிட்டது. முன்வாசலில் வேண்டாம் என்றதைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவந்தார்கள் என்று இங்கே பலருக்கு இன்றும் வருத்தம்.

இந்த ஊரில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. அதனால் விற்பனை வரிதான் எல்லாம். சியாட்டிலில் அது பத்து விழுக்காட்டுக்கு மேல். நான் வேலை விசாவில் இருப்பவன், ஓட்டு கிடையாது. ஆனால் செருப்பு வாங்கினாலும் சைக்கிள் வாங்கினாலும் வரி கட்டுகிறேன். அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் பெண்மணியும் அதே விழுக்காடுதான் கட்டுகிறார். அவர் சம்பளத்தில் அந்த வரி எவ்வளவு பெரிய பங்கு, என் சம்பளத்தில் எவ்வளவு சின்னப் பங்கு என்று யோசித்தால், மைதானத்தை விற்பனை வரியில் கட்டுவது என்றால் என்ன அர்த்தம் என்று புரியும். அவர் அங்கே ஒரு ஆட்டம்கூடப் பார்க்கப்போவதில்லை.

*

"மைதானம் வந்தால் ஊருக்கு வருமானம் வரும்" என்பார்கள். சரி, ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தை எடுத்துக்கொள்வோம். நான் நூறு டாலர் செலவழிக்கத் தயாராக இருக்கிறேன். அரங்கம் இருந்தால் டிக்கெட்டும் பீட்சாவும். இல்லையென்றால் கேபிடல் ஹில்லில் ஒரு சாப்பாட்டுக் கடை, அப்புறம் ஒரு சினிமா. ஊருக்குள் சுற்றும் பணம் அதே நூறு டாலர்தான். கடைதான் மாறுகிறது. ரோஜர் நோலும் ஆண்ட்ரூ ஜிம்பலிஸ்ட்டும் 1997இல் தொகுத்து வெளியிட்ட ஆய்வு நூலிலிருந்து இன்றுவரை, இந்தத் துறையில் பொருளாதார அறிஞர்கள் பெரும்பாலும் ஒரே குரலில் சொல்வது இதைத்தான். மானியமாகக் கொடுக்கும் பணத்துக்கு ஈடான வளர்ச்சி ஊருக்குத் திரும்பி வருவதில்லை.

பிறகு ஏன் நகரங்கள் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன? அணிகள் குறைவு, கேட்கும் ஊர்கள் அதிகம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஒரு சட்டத்தில் இருக்கிறது. அதைப் படித்தபோது கெட்ட கோடைப் பார்த்ததுபோலத் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அமெரிக்காவில் நகரங்கள் வெளியிடும் கடன் பத்திரங்களின் வட்டிக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. அதனால் குறைந்த வட்டிக்கே பணம் கிடைக்கும். தனியார் அணிகளுக்காக இந்தச் சலுகையைப் பயன்படுத்துவதைத் தடுக்க 1986 வரிச் சீர்திருத்தச் சட்டத்தில் விதியை இறுக்கினார்கள். கட்டடத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் தனியார் பயன்படுத்தி, கடன் தவணையிலும் 10 விழுக்காட்டுக்கு மேல் அந்தத் தனியார் வருமானத்திலிருந்து கட்டப்பட்டால் சலுகை கிடையாது. மைதானம் என்றால் முதல் நிபந்தனை எப்படியும் மீறப்படும், அங்கே ஆடுவதே தனியார் அணிதானே. ஆகவே சலுகை வேண்டுமென்றால் இரண்டாவதை மீறாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். அதாவது, மைதானத்தின் வருமானத்திலிருந்து கடனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கட்டிவிடக் கூடாது! மீதியை ஓட்டல் வரி, கார் வரி, விற்பனை வரி என்று ஊரிலிருந்து வசூலிக்கவேண்டும். நகரங்கள் இப்படிக் கடன் வாங்குவதை நிறுத்திவிடும் என்று எதிர்பார்த்து எழுதப்பட்ட விதி. நகரங்கள் கடன் வாங்குவதை நிறுத்தவில்லை, அணிகளிடம் காசு கேட்பதை நிறுத்திக்கொண்டன.

*

2006இல் சூப்பர்சோனிக்ஸ் அணி ஓக்லஹோமாவைச் சேர்ந்த ஒரு முதலீட்டாளர் குழுவுக்கு 35 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. புது உரிமையாளர்கள், பக்கத்து ஊரான ரென்டனில் 50 கோடி டாலரில் அரங்கம், பெரும்பங்கு பொதுப் பணம் என்று ஒரு திட்டத்தோடு வந்தார்கள். சட்டமன்றம் மசியவில்லை. அதே ஆண்டு நவம்பரில் சியாட்டில் வாக்காளர்கள் முன்பு ஒரு பிரேரணை வந்தது, இனிஷியேட்டிவ் 91. தொழில்முறை அணிக்கு நகரம் தன் சொத்தை வாடகைக்கு விட்டால், அதில் போட்ட பணத்துக்கு 30 வருட அரசுக் கடன் பத்திரத்தின் வட்டி அளவுக்காவது லாபம் வரவேண்டும். அவ்வளவுதான் அதன் சாரம். சுமார் 74 விழுக்காடு பேர் ஆம் என்றார்கள்.

விலை கொடுக்கவேண்டி வந்தது. குத்தகை 2010 வரை இருந்தும் அணி கிளம்பியது. நகரம் வழக்குப் போட்டது. 2008 ஜூலையில் 4.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. 41 வருடம் அங்கே ஆடிய அணி ஓக்லஹோமா சிட்டிக்குப் போய் தண்டர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கதை சொன்ன எஞ்சினியர் இன்றுவரை தண்டர் ஆடும் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. "அப்பாவோட நான் பார்த்த முதல் ஆட்டம் சோனிக்ஸ் ஆட்டம்" என்றார் ஒருமுறை. அதற்குமேல் பேசவில்லை. பொருளாதார ஆய்வுகளில் இந்த இழப்புக்குக் கட்டம் கிடையாது. அதை ஒன்றுமில்லை என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

போகாமல் நின்றவர்களும் உண்டு. பெண்கள் அணியான ஸ்டார்மை உள்ளூர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து வாங்கி, அதே பழைய அரங்கத்தில் ஆட வைத்தார்கள். 2010, 2018 என்று அந்த அணி கோப்பைகள் வாங்கியது. "இதை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது" என்ற அரங்கம் அது.

அடுத்து, நகரின் தெற்கே சோடோ பகுதியில் புது அரங்கம் கட்ட ஒரு முதலீட்டாளர் வந்தார். 2012 ஒப்பந்தத்தில் 20 கோடி டாலர் வரை பொதுக் கடன் உண்டு. 2016 மே மாதம், அதற்குத் தேவையான ஒரு தெருவை விட்டுக்கொடுப்பதற்கு நகர மன்றம் 5–4 என்ற கணக்கில் மறுத்தது. பல மாதம் கழித்து அதே முதலீட்டாளர், பொதுப் பணமே வேண்டாம், முழுக்க நானே போடுகிறேன் என்று வந்தார். முதலில் முடியவே முடியாது என்று சொல்லப்பட்ட ஒன்று, இல்லை என்ற பதிலுக்குப் பிறகு முடிந்தது.

இந்தப் பின்னணியில்தான் 2017இல் நகரம் பழைய கீ அரினாவையே புதுப்பிக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டது. ஓக் வியூ குரூப் என்ற நிறுவனம் தேர்வானது. மதிப்பீடு 60 கோடி டாலர், முழுக்கத் தனியார் பணம். அதே ஆண்டு கட்டடம் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. கூரையைத் தொட முடியாது.

2019, 2020இல் மதிய சாப்பாட்டுக்குப் பிறகு நடந்து போய் வேலியோரம் நின்று பார்ப்பேன். கூரையின் எடை 4.4 கோடி பவுண்டு, கிட்டத்தட்ட 20,000 டன். அதைத் தற்காலிக இரும்புத் தூண்களில் அந்தரத்தில் நிறுத்திவிட்டு, அடியிலிருந்த எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டுவிட்டார்கள். முன்பிருந்ததைவிட மேலும் சுமார் 15 அடி தோண்டினார்கள். இப்போது ஆட்டத் தரை தெரு மட்டத்துக்கு 53 அடி கீழே. கட்டடத்தின் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அந்தக் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து, ஐஸ் ஹாக்கி தளத்துக்கான பனிக்கட்டியாக உறைய வைக்கிறார்கள். அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்திய மழை, இன்றைக்கு ஆடுகளம்.

அந்தரத்தில் கூரையை நிறுத்தி வேலை செய்தால் பட்ஜெட் நிற்குமா? 60 கோடி என்று தொடங்கியது 90ஐத் தாண்டி, 2021 அக்டோபரில் திறக்கும்போது சுமார் 115 கோடி டாலரில் வந்து நின்றது. எங்கள் தொழிலில் இது தினசரிச் செய்தி. இங்கே வித்தியாசம் ஒன்றுதான். கூடுதல் செலவு முழுவதும் கட்டுபவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. ஏறிய அந்த 55 கோடியில் நகரம் ஏற்கவேண்டிய பங்கு எதுவும் இல்லை.

*

பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் மாயம் ஒன்றுமில்லை. வரப்போகும் வருமானத்தை முன்கூட்டியே விற்று, அதைக் காட்டிக் கடன் வாங்குவது. பெயருரிமை, விளம்பர ஒப்பந்தம், சொகுசு இருக்கைகள், சீசன் டிக்கெட். 2018 மார்ச் 1 அன்று ஹாக்கி சீசன் டிக்கெட்டுக்கு முன்பணம் வாங்கத் தொடங்கினார்கள். அப்போது ஊரில் ஹாக்கி அணியே கிடையாது, பெயரும் வைக்கவில்லை. 12 நிமிடத்தில் 10,000 பேர் முன்பணம் கட்டினார்கள். அந்த டிசம்பரில்தான் என்.எச்.எல். அமைப்பு 65 கோடி டாலருக்கு அணியைக் கொடுத்தது. 2020இல் அமேசான் பெயருரிமையை வாங்கி, தன் பெயரை வைக்காமல் பருவநிலை உறுதிமொழியின் பெயரை வைத்தது.

2022இல் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். முப்பது வருடம் நகராட்சிக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். பஸ் ஸ்டாண்ட் கடைகளின் குத்தகைப் பாக்கியை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஆள். மோனோரயிலில் கூட்டிப்போய் அரங்கத்தைக் காட்டி, கூரை சாகசத்தையெல்லாம் விளக்கினேன். அவர் கூரையை ஒரு நிமிஷம்தான் பார்த்தார்.

"இடம் யாருதுடா?"

"நகரத்தோடதுப்பா. கட்டடமும் நகரத்தோடதுதான்."

"செலவு கூடினதை?"

"கம்பெனிதான் கட்டிச்சு."

"குத்தகை எத்தனை வருஷம்?"

"39. அப்புறம் எட்டு எட்டு வருஷமா ரெண்டு தடவை நீட்டிக்கலாம்."

"அப்போ 55. அது உன் பேரன் காலம்டா. வர்ற வரி?"

அங்கேதான் நான் கொஞ்சம் விளக்கவேண்டியிருந்தது. முன்பு கிடைத்துக்கொண்டிருந்த அடிப்படைத் தொகை முழுவதும் நகரத்துக்கு. அதற்குமேல் அரங்கத்தால் கூடுதலாக வரும் வருமானத்தில் கம்பெனிக்கும் பங்கு உண்டு. பதிலுக்குக் கம்பெனி போக்குவரத்துப் பணிகளுக்கு 4 கோடி டாலர், சமூகப் பணிகளுக்கு 2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதில் பாதி வீடற்ற இளைஞர்களுக்காக உழைக்கும் ஒரு அமைப்புக்கு. டிக்கெட்டோடு பஸ்ஸும் ரயிலும் இலவசம்.

அப்பா தலையை ஆட்டினார். "சும்மா குடுத்துட்டான்னு சொல்லாத. ஊரு நடுவுல எடத்தக் குடுத்திருக்காங்க, வர்ற வரியில பங்கு விட்டிருக்காங்க. ஆனா நல்ல பத்திரம். எழுதினவனுக்குப் பழைய கணக்கு தெரிஞ்சிருக்கு."

அதுதான் விஷயம் என்று எனக்கும் தோன்றுகிறது. தனியார் பணம் என்பதால் இலவசம் ஆகிவிடாது. 115 கோடியை யாரோ திருப்பிக் கட்டத்தான் வேண்டும், அது டிக்கெட்டில் ஏறுகிறது. நாங்கள் நாலு பேர் ஒரு ஹாக்கி ஆட்டத்துக்குப் போய் வந்தால் ஒரு வார மளிகைச் செலவைத் தாண்டிவிடுகிறது. ஆனால் பார்க்கிறவன் கட்டுகிறான். அலுவலகத்தைப் பெருக்கும் பெண்மணி செருப்பு வாங்கும்போது கட்டவில்லை.

எல்லா ஊரும் இப்படிச் செய்துவிட முடியுமா? முடியாது. 12 நிமிடத்தில் 10,000 பேர் முன்பணம் கட்டுகிற ஊரும், பெயரை வாங்க அமேசான் வரிசையில் நிற்கிற ஊரும் எத்தனை இருக்கின்றன? சோனிக்ஸ் போய்ச் சேர்ந்த ஓக்லஹோமா சிட்டியையே பாருங்கள். 2002இல் திறந்த, பொதுப் பணத்தில் கட்டிய அரங்கம் பழசாகிவிட்டது என்று அங்கேயும் பேச்சு வந்தது. 2023 டிசம்பரில் குறைந்தது 90 கோடி டாலர் செலவில் புது அரங்கத்துக்கு, ஆறு வருடம் ஒரு விழுக்காடு விற்பனை வரி என்று வாக்கெடுப்பு. அணி உரிமையாளர்களின் பங்கு 5 கோடி. 71 விழுக்காடு பேர் ஆம் என்றார்கள். போட்ட பணத்துக்கு லாபம் வேண்டும் என்று சியாட்டிலில் 74 விழுக்காடு பேர் சொன்னதற்கு நேர் எதிரான திசை. 2025இல் தண்டர் சாம்பியன் ஆனது, தெருவெல்லாம் திருவிழா. அந்த மக்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அணி போய்விட்டால் தங்கள் ஊரை யாரும் வரைபடத்தில் தேடமாட்டார்கள் என்ற பயம் சின்ன ஊரில் பிறந்தவனுக்குப் புரியும். சந்தோஷத்துக்காகக் காசு போடுகிறோம் என்று தெரிந்தே போட்டால் அது அவர்கள் உரிமை. லாபம் வரும் என்று சொல்லி வாங்கினால்தான் அது வேறு கதை.

கட்டடம் எப்படியும் பழசாகும். எவ்வளவு செலவாகும் என்ற மதிப்பீடு எப்படியும் தப்பும். இந்த இரண்டையும் தவிர்க்க முடியாது என்று தெரிந்த பிறகு, ஒப்பந்தத்தில் தேடவேண்டிய வரிகள் சிலதான். செலவு கூடினால் யார் பொறுப்பு? கட்டடம் நிற்கும் காலத்துக்குள் கடன் அடையுமா? கடன் அடைவதற்குள் அணி கிளம்பினால் என்ன? கிங்டோமுக்குப் பதினைந்து வருடம் தவணை கட்டி, ஒரு அணியை இழந்து, சியாட்டில் இந்த வரிகளை எழுதக் கற்றுக்கொண்டது.

2060 வாக்கில் முதல் குத்தகை முடியும்போது அந்தக் கூரைக்குக் கிட்டத்தட்ட நூறு வயது. அப்போதும் யாராவது வந்து, இது பழசாகிவிட்டது, இதை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது என்பார்கள். அன்றைக்கு நகர மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும், முதலில் பழைய பத்திரத்தை எடுத்து ஒருமுறை நிதானமாகப் படிக்கட்டும்.